ஒன்பதாம் பக்கத்தில் செத்தவள்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். ஏனென்றால் நீ அச்சடித்து வைத்திருக்கிற புத்தகத்தின்படி நான் பதினைந்து வருடத்துக்கு முன்பே கருகிச் செத்துவிட்டேன். செத்தவளிடமிருந்து கடிதம் வந்தால் யாரும் கடிதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: இதைச் சொல்வது உன் அம்மா, எழுதுவது உன் தங்கை. எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா அச்சாபீஸ் குடோனுக்கு ராத்திரிக் காவலுக்குப் போயிருக்கிறார். செல்போனையும் கையோடு கொண்டுபோய்விட்டார். காலையில் ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் இதை முடித்தாக வேண்டும். தெருவில் ஒரு சைக்கிள் போகிற சத்தம் கேட்டால்கூட உன் தங்கை பேனாவை மூடிக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்துவிடுகிறாள். அவள் ஏன் இவ்வளவு பயப்படுகிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததும் அவளிடம், "நான் பேசுற மாதிரியே எழுதாதத்தா. பரீட்சைல எழுதுவேல்ல, அப்படி எழுது. அவன் புத்தகத்துத் தமிழ்ல என்னயக் கொன்னுருக்கான். நாமளும் புத்தகத்துத் தமிழ்லயே பதில் சொல்லுவோம்" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா வண்டியில் தாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று, "இது யாரு ஆர்டருன்னு கேளு" என்றார். காலண்டரா என்று கேட்டேன். "ஒன் மகன் ஆர்டருடி. ஞாயித்துக்கெழம விருதுநகர் மண்டபத்துல கிளாஸ் எடுக்கப் போறான்ல, அதுக்குப் புத்தகம். ஒங்க வீட்டுலயே மடிச்சுக் குடுங்கன்னு மொதலாளியே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலண்டர் தாளுக்கெல்லாம் சாக்கைத்தான் விரிப்பேன். உன் தாளுக்குத் தரையைக் கழுவிவிட்டு, பரணில் வைத்திருந்த புதுப் பாயை எடுத்து விரித்தேன். மேல் தாளில் உன் படம் இருந்தது. கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் அதைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தக் கையை இப்போது எதில் கழுவுவது என்று தெரியவில்லை.

மலிவு என்றுதான் இந்த ஊருக்கு ஆர்டர் கொடுத்திருப்பாய். அதில் தப்பில்லை, ஊர் உலகமே இங்கேதான் அச்சடிக்கிறது. ஆனால் வெளியூர்க்காரனுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருத்தங்கல்லில் அச்சாகிற எந்தத் தாளும் ஏதாவது ஒரு வீட்டுத் தரையில்தான் மடிபடுகிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் நீயும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மூங்கில் பட்டையால் தாளை நீவி மடித்துக் கைக்காசு பார்த்தவன்தான். விரித்த தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடக்கும். மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கமும் வரிசைக்கு வந்துவிடும். நீ சிங்கப்பூர் போய் நான்கு வருடத்தில் அதை மறந்துவிட்டாய். உன் பொய் எங்கேயோ அச்சாகி, எங்கேயோ மடிபட்டு, நேராக மண்டபத்துக்குப் போய்விடும் என்று நினைத்துவிட்டாய். அது என் மடியில் வந்து விழுந்தது.

உனக்குத்தான் தெரியுமே, மடிக்கிற தாளில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மடிப்பது என் வழக்கம். உன் தங்கை வாசித்தாள். "புது மண், புது வாழ்வு. வெளிநாட்டில் வாழப் போகிறவர்களுக்கான வாழ்க்கைப் பயிற்சி." முதல் பக்கங்களில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, நான் வெற்றியாளன் என்று பத்து முறை சொல்ல வேண்டுமாம். நம் வீட்டுக் கண்ணாடியில் பாதிக்கு ரசம் போய்விட்டது, அதில் நின்றால் பாதி வெற்றியாளன்தான் தெரிவான் என்று உன் தங்கையிடம் சொன்னேன். அப்புறம் ஐந்தாம் பக்கம். ஊர்ப் பேச்சு நாக்கில் ஒட்டியிருந்தால் உங்களை யாரும் மதிக்கமாட்டார்கள், அதைச் சுரண்டி எறியுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் பக்கம். வீட்டு ஏக்கம் ஒரு நோய், முதல் மூன்று மாதம் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதும் மூங்கில் பட்டையைக் கீழே வைத்துவிட்டேன். நீ போன புதிதில் மூன்று மாதம் உன் குரல் கேட்கவில்லை. கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற பிள்ளை, எங்கே எதிலிருந்து விழுந்தானோ என்று நான் இருக்கன்குடி வரை நடந்துபோய் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்திவிட்டு வந்தேன். உன் தங்கை டைபாய்டில் கிடந்ததுகூட உனக்குத் தெரியாது. நீ நன்றாகத்தான் இருந்திருக்கிறாய். பயிற்சியில் இருந்திருக்கிறாய்.

ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் உன் தங்கை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "ஏத்தா, என்ன நிறுத்திட்ட" என்றேன். "எழுத்து அழிஞ்சிருக்கும்மா" என்றாள். "சிவகாசில அழிஞ்ச எழுத்தா. வாசி" என்றேன். வாசித்தாள். நீ எழுதியது உனக்கு மனப்பாடமாகத் தெரியும், இருந்தாலும் உன் தங்கை கையெழுத்தில் ஒரு தடவை பார்.

"என் தாய் ஒரு பட்டாசுத் தொழிலாளி. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஆலை விபத்தில் கருகி இறந்தார். காலில் கிடந்த செம்புக் கம்பி மெட்டியை வைத்துத்தான் அவரை நான் அடையாளம் கண்டேன். அன்று நான் அழவில்லை. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தேன். நீங்களும் எழலாம்."

அவள் முடித்ததும் நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் வெள்ளி மெட்டி இருக்கிறது. எழுந்து பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். என்னைச் சாகடித்துவிட்டாயே என்று வரவில்லை அந்த வாந்தி. உன் வசதிக்கு நான் இன்னும் நான்கு தடவைகூடச் சாவேன். செம்புக் கம்பி மெட்டி யார் காலில் கிடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை எடுத்து நீ அச்சடித்திருக்கிறாய். செத்தவளுக்குப் போட்ட வாய்க்கரிசியைப் பொறுக்கி எடுத்து, அதில் பொங்கல் வைத்து, மண்டபம் பிடித்து ஊருக்குப் பரிமாறப் போகிறாய்.

உன் தங்கைக்கு அந்த மெட்டிக்காரி பேச்சியைத் தெரியாது, பேச்சி செத்தபோது இவள் இரண்டு வயதுக் குழந்தை. அவளுக்காகவும் இதைச் சொல்கிறேன். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இதுவே வெளிநாடுதான். ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம், சிமெண்டுத் தூசியும் கரிசல் காடும் தவிர வேறு எதையும் பார்க்காதவள் நான். பருத்தி எடுக்கத் தெரியும், களை வெட்டத் தெரியும். கம்பெனி என்றால் என்ன, மணிக்கு வேலை என்றால் என்ன என்று தெரியாது. முதல் நாள் நைலான் சேலை கட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறை வாசலுக்குப் போய் நின்றேன். நைலான் உரசினால் பொறி தட்டும் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "யக்கா, ஒனக்குச் சாகணும்னா கெணத்துல விழு, எங்களயும் சேத்துக் கூட்டிட்டுப் போகாத" என்றாள். அவள்தான் பேச்சி. அன்று மத்தியானம் அவளுடைய நூல் சேலை ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டதைப் பார்த்து, "புது எடத்துல தண்ணி எங்கன இருக்குன்னு சொல்ல ஒருத்தி வேணும், தப்புப் பண்ணுனா வைய ஒருத்தி வேணும். ரெண்டும் நானே இருந்துட்டுப் போறேன், நீ அழாம சோத்தத் தின்னு" என்றாள். உனக்கு அவள் பேச்சி சித்தி. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொருட்காட்சி பார்க்கப் போனவள். மெட்டியில் ஒன்று தொலைந்துபோனதும் வேறு வாங்கக் கை வராமல், கரண்டு வேலைக்காரரிடம் செம்புக் கம்பி வாங்கி முறுக்கிப் போட்டுக்கொண்டு, "இது வெளிநாட்டு மாடலுக்கா" என்று காலை ஆட்டிக் காட்டியவள்.

உன் புத்தகத்தைப் பற்றி உன் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "மேடைல சொல்றது எல்லாம் அப்படித்தான்டி. சினிமால சாகுறவன் நெசமாவா சாகுறான்? நாலு பேரு அழுதா அவனுக்குத் தொழிலு நடக்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னை வரவேண்டாம் என்று போன மாதமே சொல்லிவிட்டார். எனக்கு மூச்சிரைப்பு இருக்கிறதாம், கூட்டத்தில் உட்கார முடியாதாம், சனிக்கிழமையே விஸ்வநத்தத்தில் என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். என் மேல் உனக்கு எவ்வளவு அக்கறை என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். செத்தவள் மண்டபத்துக்கு வந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா தங்கையைக் காட்டி, "இத எவன்கிட்டயாவது மூச்சு விட்டீகன்னா திங்கக்கெழமல இருந்து இவளுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. அண்ணன் காசுலதான படிக்கா" என்றார். பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அவள் நர்சுக்குப் படிக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாள். பேனாவை ஒளித்து ஒளித்து எழுதுகிறாளே, அதற்குக் காரணம் இதுதான்.

உன் அப்பா சொன்ன மறுநாள் கருப்பசாமி வந்தான். பேச்சியின் மகன். உனக்கு அவனை நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவள் புருஷன் குடித்துக் குடித்து எங்கேயோ போய்விட்டான். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இன்றைக்கு விஸ்வநத்தத்தில் லேபிள் ஒட்டுகிற வேலையில் இருக்கிறான். மலேசியாவில் ஹோட்டல் வேலை கிடைத்திருக்கிறதாம். வாசலில் நின்றே, "பெரியம்மா, சாப்பிட்டீகளா" என்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினான். உன் பயிற்சிக்கான அனுமதிச் சீட்டு. பைக்கை விற்றுப் பணம் கட்டியிருக்கிறான். "மொத வரிசைல எடம் பெரியம்மா. அண்ணன் பேசுறத பக்கத்துல இருந்து கேக்கணும்ல. எனக்கு வெளிநாட்டுல எப்படி இருக்கணும்னு சொல்ல யாரு இருக்கா, அண்ணன விட்டா" என்றான். சிரித்தான். பேச்சி சிரிக்கிற மாதிரியே ஒரு பக்கமாகச் சிரித்தான். அவன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் அந்தச் செம்புக் கம்பி. அவனுக்கு அவள் முகம் நினைவில்லை. ஒரு போட்டோகூட இல்லை. அந்தக் கம்பி ஒன்றுதான் அவனுக்கு அம்மா.

இப்போது யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை நீ மைக்கைப் பிடித்து ஒன்பதாம் பக்கத்தைச் சொல்லப் போகிறாய். குரலை உடைப்பாய், ஒரு நிமிடம் பேசாமல் நிற்பாய், அதெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் தன் கழுத்தைத் தடவிப் பார்ப்பான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு தாய் மகனைத் திட்டி எழுதின கடிதமாக முடிந்திருக்கும். உன்மேல் காறித் துப்பிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் மூன்று நாளாக உன் தாளை மடித்துக்கொண்டே யோசித்தேன். இப்படி ஒரு காரியம் உனக்கு எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரிலிருந்து வந்ததா, அங்கே உனக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்த பயிற்சிக்காரனிடமிருந்து வந்ததா என்று பார்த்தேன். இல்லை. நம் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. உனக்கு முதல் பயிற்சி கொடுத்தவள் நான்.

பேச்சி செத்த அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்தில் தாயையோ தகப்பனையோ கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நீ நான்கு நாளாக வகுப்புக்குப் போகாமல் கண்மாயில் குளித்துக் கொண்டிருந்திருக்கிறாய். சீசன் நேரம், லீவு கேட்டால் வேலை போய்விடும். பேச்சி திரி வெட்டுகிற அறையில் இருந்தாள். மருந்து அடைக்கிற அறை என்னுடையது, அவளுடையதில்லை. நான்தான் அவளிடம் போய், "ரெண்டு மணி நேரம் என் எடத்துல உக்காருடி, ஒடனே வந்துருதேன்" என்று கெஞ்சினேன். "ஒன் மகன நாலு சாத்து சாத்திட்டு வா. எனக்குச் சேத்து ரெண்டு" என்றாள். அவள் பேசிக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். நான் உன் வாத்தியார் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து ஓடுகள் அதிர்ந்தன. வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் ராத்திரி போர்மேன் நம் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு அதிகாரி வருவாரு. பேச்சி அங்கன ஏன் போனான்னு கேப்பாரு. அவளா வந்து உக்காந்தா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு தாயி. ஒனக்கும் வேல நிக்கும், ஒன் மகன் படிப்பயும் கம்பெனி பாத்துக்கிடும். நீ அனுப்பித்தான் அவ செத்தான்னு ஊரு பேசுறது நல்லாவா இருக்கும்?" என்றார். நான் தலையாட்டினேன். அதிகாரி முன்னாலும் அப்படியே சொன்னேன். அவளாக வந்து உட்கார்ந்தாள் என்றேன். அனுமதி இல்லாமல் போனவள் என்று எழுதிக்கொண்டார்கள். அவள் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு கிடைக்கவில்லை. நீ விருதுநகரில் விடுதியோடு கூடிய பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாய். கருப்பசாமி அஞ்சாம் வகுப்போடு லேபிள் ஒட்டப் போனான். உன் இங்கிலீஷ், உன் கோட்டு, நீ ஏறப்போகிற மேடை எல்லாம் அந்த ஒரு வார்த்தைமேல்தான் நிற்கிறது.

போர்மேன் பேசும்போது நீ கதவோரம் நின்றாய். நான் பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "யம்மா, பேச்சி சித்தி அவுகளாவா போயி உக்காந்தாக?" என்று கேட்டாய். "ஆமா. பேசாமச் சாப்பிடு" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாய். செத்தவளை விற்றுப் பிழைக்கலாம், விற்ற பிறகு சோறும் இறங்கும் என்று உனக்கு அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிட்டேன். நீ புதிதாக எதையும் செய்யவில்லை. நான் ஒரு தடவை விற்றதை நீ ஊர் ஊராக விற்கிறாய். உன்னை நினைத்தால் எனக்கு வருகிற குமட்டல், என்னை நினைத்து வர வேண்டியது. பதினைந்து வருடம் தாமதமாக வருகிறது.

இந்த இடத்தை உன் தங்கை முதலில் எழுதாமல் விட்டாள். சொல்லச் சொல்லப் பேனா ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் வரி தெரியும். இவ்வளவு பேசியும் தாள் நிறையவில்லையே என்று, எழுதினதை வாசிக்கச் சொன்னேன். போர்மேனைத் தாண்டி நேராகக் கீழே வருகிற அறிவுரைக்குப் போனாள். "போர்மேன் எங்கத்தா" என்றேன். அழுதுவிட்டாள். "வேண்டாம்மா. இது வெளிய தெரிஞ்சா ஒன்னய என்னம்மா சொல்லுவாக. கருப்பசாமியண்ணன் நம்ம வீட்டுப் பக்கம் வருவாகளா இனிமே" என்றாள். அவள் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனாலும் எழுதச் சொன்னேன். சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை நல்ல தமிழில் சொல்கிற பழக்கம் இந்த வீட்டில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. மூன்றாவதாக ஒருத்திக்கு வர வேண்டாம். மேலே இருக்கிற மூன்று பத்தியும் அவள் இரண்டாவது தடவை எழுதியது. எழுத்து கலங்கியிருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

வெளிநாட்டில் எப்படி வாழ வேண்டும் என்று நீ ஊருக்குச் சொல்கிறாய். சிங்கப்பூரை நான் பார்த்ததில்லை. ஆனால் தெரியாத இடத்தில் போய்ப் பிழைப்பது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். உன் புத்தகத்தில் அது ஒரு பக்கத்திலும் இல்லை. போகிற இடத்தில் உன்னைத் தள்ளிவிட்டு, வைது, நூல் சேலை கொண்டுவந்து தருகிற ஆள் யார் என்று முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணாடி உன்னை ஒருநாளும் வையாது. நீ இருக்கிற ஊரில் உன்னை வைகிறவர் யாராவது இருக்கிறார்களா? இருந்திருந்தால் ஒன்பதாம் பக்கத்தை எழுதின அன்றைக்கே கையைப் பிடித்திருப்பார்கள். எல்லோரும் கை தட்டுகிற இடத்தில் நீ இருக்கிறாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய பாரத்தை இறக்கி வையுங்கள் என்று பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நான் இறக்கி வைத்தவள்தான். நாம் இறக்கி வைத்தால் அது தரையில் கிடக்காது, இன்னொருவர் தலையில் ஏறிக்கொள்ளும். என்னுடையது ஐந்து வயதுப் பிள்ளை தலையில் ஏறியது. வீட்டு ஏக்கம் நோய் என்கிறாயே, கருப்பசாமி மலேசியா போனால் ஏங்குவதற்கு அவனுக்கு ஒரு கம்பி வளையம் இருக்கிறது. அதையும் நீ மேடையில் வைத்துப் பிடுங்கப் போகிறாய்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். உன் தாளில் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டோம். அந்தத் தாளை ஒளித்தால், நான் இன்னொரு தடவை மறைத்ததாகிவிடும். உன் அப்பா சனிக்கிழமை காலையில் என்னை விஸ்வநத்தத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் புத்தகக் கட்டுகளை விருதுநகரில் உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பார். என்னைக் கண்காணாத இடத்தில் வைக்கிறோம் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அண்ணன் வீட்டிலிருந்து மூன்றாவது வீடுதான் கருப்பசாமி வீடு. அதை நீ யோசிக்கவில்லை. சனிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்ததும் அவன் வாசலில் போய் உட்கார்ந்து, அவன் அம்மா எப்படி அந்த அறைக்குப் போனாள் என்று சொல்லிவிடுவேன். அதிகாரியிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுவேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அடித்தால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் கதவைச் சாத்தினாலும் சாத்துவான், அதைத்தான் தாங்க முடியாது. உன்னுடைய பக்கத்தைப் பற்றி நான் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. என்னுடையதை மட்டும்தான் நான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வருவேன். கருப்பசாமி என்னோடு வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் வருவேன். மேடை ஏறியதும் முன்வரிசையைப் பார். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எழுந்து நின்று உன் மானத்தை வாங்கமாட்டாள், ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். நீ ஒன்பதாம் பக்கத்துக்கு வரும்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போவாள். பேச்சி என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லலாம். எங்கள் அம்மா இடத்தில் உட்கார்ந்து செத்தாள் என்று சொல்லலாம். அல்லது அந்தப் பக்கத்தை அப்படியே, அச்சில் இருக்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். உனக்கு அது முடிந்தால் அதற்குப் பிறகு நீ எந்த நாட்டில் வேண்டுமானாலும் வாழ்ந்துகொள். எனக்கும் உனக்கும் பேச்சு இல்லை.

தங்கையின் படிப்பைப் பற்றி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தாள் மடிப்போ லேபிளோ, எது கிடைத்தாலும் செய்து அவளைப் பரீட்சை எழுத வைப்பேன். உன் காசு அதில் கலக்காது.

என் பெயரைக் கீழே நானே எழுதியிருக்கிறேன். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது சிலேட்டில் எழுதிக் காட்டிப் பழக்கிய எழுத்துதான் அது. நல்ல காரியம் எதையும் நீ எனக்குச் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அண்ணே, அம்மா கையெழுத்துக்குக் கீழே இனி நான் எழுதுகிறேன். அம்மா படுத்துவிட்டாள், ஆனால் தூங்கவில்லை. மணி நாலரை. இதை முதல் கட்டின் மேல் புத்தகத்துக்கு அடியில் வைத்துச் சணல் போட்டுவிடுவேன். கட்டை அப்பாதான் வண்டியில் கொண்டுவருவார், அவருக்குத் தெரியாது. தயவுசெய்து நீயே பிரி. அம்மா சொன்னதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, இப்போது ஒரு வார்த்தையும் குறைக்கவும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவேனா என்று தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் விஸ்வநத்தம் போய்விடுவேன். கருப்பசாமியண்ணன் கதவைச் சாத்திவிட்டால் அம்மா தனியாகத்தான் விருதுநகர் வரவேண்டும். அவளுக்கு பஸ் போர்டு வாசிக்கத் தெரியாது.